ஊசி சொல்லும் வொட்டும் வெப்பம் சொல்லும் வொட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தேநீர் ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் பாதியில் ஓடிவிட வேண்டாம், உங்களுக்கான விஷயம் கடைசியில்தான் வருகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மலைநாட்டைப் புரட்டிப் போட்ட பிறகு, ஹாம் ரேடியோ என்று சொல்லப்படும் அமெச்சூர் வானொலியைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். நல்ல விஷயம். மண்சரிவில் பாதை போய், கரண்ட் போய், கையடக்கத் தொலைபேசி வெறும் டோர்ச் லைட்டாக மாறிய நாட்களை கண்டி மாவட்டத்தில் யாரும் இலகுவில் மறக்கமாட்டார்கள். அக்குறணையில் இருப்பவருக்கு கம்பளையில் இருக்கும் தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாத நிலை. அதன் பிறகு இரண்டு மூன்று பழைய மாணவர்கள் உரிமத்துக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய செட் தேடுகிறார்கள். அவர்கள் எல்லோரிடமிருந்தும் எனக்கு வரும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்:

"சேர், நல்ல எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் எது? ஒன்றுக்கு ஒன்று காட்டினா எல்லாம் சரிதானே?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம்: சரியில்லை. ஆனால் ஏன் சரியில்லை என்பதற்கு நூறு வருட வரலாறு இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் இதில் என்ன பாரதூரம் என்று பார்ப்போம். 2004 டிசம்பர் 26, சுனாமி. தென்கரையில் தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, அப்போது ரேடியோ சொசைட்டி ஒப் ஸ்ரீ லங்காவின் தலைவராக இருந்த விக்டர் குணதிலக்கவும் அவருடைய நண்பர்களும் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையில் சிற்றலை வழியாகத் தொடர்பை ஏற்படுத்தினார்கள். அதே நாளில் வங்காள விரிகுடாவின் மறுபக்கம் போர்ட் பிளேரில், அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசவென்று சில வாரங்களாக முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர், பொழுதுபோக்கை அப்படியே நிறுத்திவிட்டு, தீவுகளிலிருந்து செய்தி அனுப்பும் நிலையமாகத் தன் அறையை மாற்றினார். இரண்டு இடத்திலும் வேலை செய்தது சில பத்து வொட், ஒரு கார் பற்றரி, மரத்திலோ கட்டடத்திலோ கட்டிய கம்பி. அவ்வளவுதான். அந்தக் கம்பிக்கு உண்மையில் எத்தனை வொட் போய்ச் சேர்கிறது என்பது அந்த நேரத்தில் சில்லறை விஷயம் இல்லை. மீட்டரைப் பார்த்து "எல்லாம் சரி" என்று நினைத்துக்கொண்டு, ஒருவருக்கும் கேட்காத அழைப்பை மணிக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பதைவிடக் கெட்டது, செட்டே இல்லாமல் இருப்பது அல்ல. செட் இல்லாதவன் வேறு வழி தேடுவான்.

இனி வரலாறு.

1924இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர் பரீட்சார்த்தமாக இசைத்தட்டு ஒன்றை ஒலிபரப்பினார். டிரான்ஸ்மிட்டர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களை வைத்துக் கட்டியது. அடுத்த வருடம், 1925 டிசம்பர் 16ஆம் திகதி, கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானது. அந்தக் காலத்து வானொலி நிலையங்களில் அன்டனாவுக்குப் போகும் கம்பியில் ஓர் அம்பியர்மானி வைத்திருப்பார்கள். சாதாரண அம்பியர்மானி வானொலி மீடிறனில் வேலை செய்யாது. செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை திசை மாறும் ஓட்டத்துக்கு ஊசி எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடுவில் நின்றுவிடும். ஆகவே வெப்பத்தை நாடினார்கள். மெல்லிய கம்பி ஒன்றினூடாக ஓட்டத்தை விடு. கம்பி சூடாகும், சூடானால் நீளும், நீளும்போது ஊசியை இழுக்கும். இதுதான் சூட்டுக்கம்பி அம்பியர்மானி. கொஞ்சக் காலத்தில் அதன் இடத்துக்கு வெப்பவிணை வந்தது. அதுவும் சூட்டைத்தான் அளக்கிறது, அந்தச் சூட்டைச் சிறு மின்னழுத்தமாக மாற்றி ஊசிக்குக் கொடுக்கிறது.

வசதி இல்லாத அமெச்சூர் என்ன செய்தான்? டோர்ச் மின்குமிழ் ஒன்றைக் கம்பியில் கோத்தான். குமிழ் அதிகம் எரிந்தால் அன்டனாவுக்கு அதிகம் போகிறது. இதுவும் வெப்பம்தான், பாருங்கள்.

இந்தக் கருவிகளில் ஒரு நேர்மை இருந்தது. ஓட்டம் எந்த அலைவடிவத்தில் வந்தாலும், எந்த மீடிறனில் வந்தாலும், சூடு சூடுதான். குறை வேறு இடத்தில் இருந்தது. வலு என்பது ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்குவது. ஓட்டம் தெரியும். தடை? அன்டனாவின் தடை எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் ஊகித்தார்கள். 50 ஓம் என்று நினைத்தது உண்மையில் 36 ஓமாக இருந்தால், கணக்கில் வரும் வலு உண்மையைவிட 39 சதவீதம் கூட. ஊசியில் பிழை இல்லை, ஊகத்தில் பிழை.

சட்டம் இயற்றியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அமெரிக்காவில் 1980களின் தொடக்கம் வரை அமெச்சூருக்கான வலு எல்லையை அன்டனாவுக்குப் போகும் வலுவில் அவர்கள் சொல்லவில்லை. டிரான்ஸ்மிட்டரின் கடைசி வால்வுக்குள் போகும் நேரோட்ட வலு 1000 வொட் என்று வைத்தார்கள். ஏனென்றால் நேரோட்டத்தை வோல்ற்றுமானியும் அம்பியர்மானியும் வைத்து எவரும் சரியாக அளக்கலாம். வெளியே வரும் வானொலி வலுவை வீட்டிலிருந்து அளப்பதை அரசாங்கமே நம்பவில்லை.

நடுவில் உலகப்போர். இங்கே நம் ஊர் கதைக்குள் வருகிறது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதனைப் பூங்காவில் நாம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் இடத்தில் அன்று இராணுவ அலுவலகங்கள் இருந்தன. மவுண்ட்பேட்டன் கடற்படையில் சமிக்ஞைத் துறையில் பயின்றவர், வானொலிப் பைத்தியம் என்றே சொல்லலாம். போர் முடிந்ததும் பிரித்தானிய வானொலிப் பொறியியலாளர் நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார். அந்த வருடம் ஒக்டோபரில் படைவீரர்களுக்காக ரேடியோ சியாக் கண்டியிலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. பின்னர் அது கொழும்புக்குப் போய், ஏக்கலையில் 100 கிலோவொட் டிரான்ஸ்மிட்டர் கிடைத்து, கடைசியில் ரேடியோ சிலோனின் கையில் சேர்ந்தது. ஆசியா முழுவதும் கேட்ட அந்தப் பெரிய குரலின் பிறந்த இடம் கண்டி என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சமூகக்கல்விப் புத்தகத்தில் ஒரு வரி போட்டாலென்ன?

அந்தப் போர்தான் அளவுமானியின் கதையையும் மாற்றியது. எப்படி என்று சொல்கிறேன்.

போருக்கு முன்னர் அமெச்சூர்கள் பெரும்பாலும் அன்டனாவுக்கு வலுவைக் கொண்டுபோனது இரண்டு சமாந்தரக் கம்பிகளால். நடுவில் காற்று. ஏணி மாதிரி இருக்கும். அந்தக் கம்பியில் எஸ்.டபிள்யூ.ஆர். 5, 10 என்று இருந்தாலும் ஒருவரும் கவலைப்படவில்லை, அளக்கவும் இல்லை. காற்று வலுவைத் தின்பதில்லை. அன்டனாவில் தெறித்துத் திரும்பிய அலை கீழே வந்து, பொருத்தும் சுற்றில் மீண்டும் தெறித்து, திரும்பவும் மேலே போகும். பெரிதாக இழப்பு இல்லை.

போரில் ரேடாருக்காகவும் விமானங்களுக்காகவும் கோஎக்சியல் கேபிள் மலைபோல் உற்பத்தியானது. டிவி அன்டனாவிலிருந்து வருமே, நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் பின்னல், அந்த வகை. போர் முடிந்ததும் மிஞ்சிய கேபிள் மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்தது. வளைக்கலாம், சுவரில் ஆணியடிக்கலாம், மழையில் போடலாம். எல்லோரும் அதற்கு மாறினார்கள். ஆனால் கோஎக்சியலில் இழப்பு அதிகம், தெறிப்பு கூடினால் இழப்பும் கூடும். அப்போதுதான் தெறிப்பை அளக்கவேண்டிய தேவையே வந்தது.

நின்ற அலை என்றால் என்ன என்று உயர்தரப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஈர்த்த இழையில் போகும் அலையும் தெறித்து வரும் அலையும் சேர்ந்து கணுவும் முரண்கணுவும் தோன்றுமே, அதேதான் கேபிளிலும். அதிகூடிய மின்னழுத்தத்தை அதிகுறைந்த மின்னழுத்தத்தால் வகுத்தால் நின்ற அலை விகிதம். தெறிப்பே இல்லாவிட்டால் 1. போகும் வலு 100 வொட், தெறித்து வரும் வலு 4 வொட் என்றால் விகிதம் 1.5. பரீட்சைக்கு வேண்டுமானால் நீங்களே கணித்துப் பாருங்கள்: 4ஐ 100ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.2. பிறகு 1.2ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும்.

போகும் அலையையும் வரும் அலையையும் பிரித்துப் பார்க்கும் கருவியைச் சாதாரண அமெச்சூரின் மேசைக்குக் கொண்டுவந்ததில் 1956இல் அமெரிக்காவின் கியூ.எஸ்.டி. சஞ்சிகையில் லூ மக்கோய் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. மோனிமட்ச் என்று பெயர். ஒரு தகரப்பெட்டி, இரண்டு கம்பி, இரண்டு டயோட் (நம் பாடப்புத்தகத்தில் இருவாயி), ஒரு ஊசிமானி. யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கட்டிவிடலாம். ஆனால் மீடிறன் கூடக்கூட அதன் ஊசி தானாகவே அதிகம் ஏறும். ஆகவே அதில் வொட் கணக்கு எழுத முடியாது, விகிதம் மட்டும்தான் பார்க்கலாம். 1959 ஏப்ரலில் அதே சஞ்சிகையில் கொலின்ஸ் கம்பனியின் வொரன் ப்ரூன் இன்னொரு சுற்றை விளக்கினார். வளையமொன்றில் சுற்றிய சுருளால் ஓட்டத்தின் மாதிரியும், சிறு கொள்ளளவிகளால் மின்னழுத்தத்தின் மாதிரியும் எடுத்து, இரண்டையும் கூட்டினால் போகும் அலை, கழித்தால் வரும் அலை. இது பரந்த மீடிறன் வீச்சில் ஒரே மாதிரி வாசிக்கும். இன்று நீங்கள் கடையில் வாங்கும் மீட்டர்களில் பெரும்பாலானவை உள்ளே இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். பட்டறைக்காரர்களின் கையில் இருந்தது வேறு: பேர்ட் 43. அடுப்புக்கல் மாதிரி கனமான பெட்டி, ஒவ்வொரு வலுவுக்கும் மீடிறனுக்கும் ஒரு செருகி. இன்றைக்கும் அதை அளவையின் ராஜா என்று மதிக்கிறார்கள்.

அந்த ராஜாவின் திருத்தம் எவ்வளவு? முழு அளவிடையில் 5 சதவீதம்.

இந்த இடத்தில் நில்லுங்கள். உயர்தரப் பௌதிகவியலில் முதல் அலகு அளவீடு. பின்ன வழு, சதவீத வழு எல்லாம் படிக்கிறோம், பகுதி ஒன்றில் ஒரு கேள்விக்குப் புள்ளி வாங்கிவிட்டு மறந்துவிடுகிறோம். முழு அளவிடையில் 5 சதவீதம் என்றால், 100 வொட் செருகி போட்டிருக்கும்போது ஊசி எங்கே நின்றாலும் 5 வொட் கூடவோ குறையவோ இருக்கலாம். 100 வொட் வாசிப்பில் அது 5 சதவீத வழு. 10 வொட் வாசிப்பில் 50 சதவீத வழு! மேலே சொன்ன உதாரணத்தில் 4 வொட் தெறிப்பை அதே செருகியால் அளந்தால், உண்மை பூச்சியத்திலிருந்து 9 வொட் வரை எங்கும் இருக்கலாம். 1.5 என்று நீங்கள் பதிவுப் புத்தகத்தில் எழுதிய விகிதம் உண்மையில் 1 ஆகவோ 1.86 ஆகவோ இருக்கலாம். விஷயம் தெரிந்தவன் தெறிப்பை அளக்கும்போது 10 வொட் செருகியை மாற்றிப் போடுவான். அப்போது வழு அரை வொட், விகிதம் 1.46க்கும் 1.54க்கும் இடையில். ஒரே கருவி, ஒரே கம்பி. ஆள்தான் வேறு.

விலையுயர்ந்த பேர்டுக்கே இந்தக் கதை என்றால், இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு வரும் பெட்டிகளின் கதையைச் சொல்லவா வேண்டும்? அவற்றில் மூன்று கள்ளங்கள் உண்டு.

ஒன்று, போகும் அலையையும் வரும் அலையையும் முழுமையாகப் பிரிக்க முடியாமை. போகும் வலுவில் நூறில் ஒரு பங்கு மறுபக்கம் கசிகிறது என்று வையுங்கள். வெறும் ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் மீட்டரின் உள்ளே கூட்டுப்படுவது மின்னழுத்தம், வலு அல்ல. மின்னழுத்தத்தில் அது பத்தில் ஒரு பங்கு. உண்மையான விகிதம் 1.5ஆக இருக்கும்போது, கசிவு எந்த அவத்தையில் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்து மீட்டர் 1.22 என்றும் காட்டலாம், 1.86 என்றும் காட்டலாம். கேபிளை ஒரு மீற்றர் கூட்டினால் வாசிப்பு மாறுகிறதே என்று சிலர் ஆச்சரியப்படுவார்கள். விகிதம் மாறவில்லை ஐயா, கசிவின் அவத்தை மாறியிருக்கிறது.

இரண்டு, டயோட். குறிப்பிட்ட மின்னழுத்தம் வரும்வரை அது கண்ணே திறக்காது. ஐந்து வொட் செட்டில், 1.5 விகிதத்தில் தெறிப்பு 0.2 வொட். 50 ஓமில் அது 3 வோல்ற்றுக்குக் கொஞ்சம் மேல். கப்ளர் அதில் இருபதில் ஒரு பங்கை எடுத்தால் 0.16 வோல்ற். சாதாரண டயோட் அதைக் கண்டுகொள்வது கஷ்டம். ஊசி அசையாது. "ஒன்றுக்கு ஒன்று, மாஷா அல்லாஹ்" என்று சந்தோஷப்படுவீர்கள். அன்டனாவைப் பற்றி மீட்டர் எதுவுமே சொல்லியிருக்காது.

மூன்று, ஊசியின் பாரம். குரல் அனுப்பும்போது வலு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 100 வொட் உச்சம் கொடுக்கும் செட்டில் சாதாரண மீட்டர் 20, 30 வொட் காட்டும், ஏனென்றால் ஊசியால் ஓடிப்பிடிக்க முடியாது. செட் பழுது என்று நினைத்து மைக்கைக் கூட்டுவார்கள். குரல் பிய்ந்துபோய், பக்கத்து அலைவரிசைக்காரன் திட்டுவான்.

இவ்வளவும் மீட்டரின் குறை. இதைவிடப் பெரியது, மீட்டர் சரியாகவே வாசித்தாலும் நாம் அதைப் பிழையாக விளங்குவது. 1973இல் வோல்ட்டர் மக்ஸ்வெல் என்ற பொறியியலாளர் கியூ.எஸ்.டி.யில் ஒரு தொடர் எழுதத் தொடங்கினார். டைரோஸ் வானிலைச் செய்மதியின் அன்டனாக்களில் வேலை செய்த மனுஷன், சும்மா ஆள் இல்லை. குறைந்த எஸ்.டபிள்யூ.ஆர். நல்ல அன்டனாவுக்கு அத்தாட்சி அல்ல என்பதைப் பகுதி பகுதியாக நிறுவினார். நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் இரண்டு கணக்குகள் இவை.

முதலாவது. 145 மெகாஹேர்ட்ஸில், கடையில் கிடைக்கும் மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் 30 மீற்றர் போட்டால் இழப்பு ஏறத்தாழ 6 டெசிபல். அதாவது கீழே 50 வொட் கொடுத்தால் மேலே 12.5 வொட்தான் போய்ச் சேரும். இப்போது காற்றில் அன்டனா கழன்று விழுந்துவிட்டது என்று வைப்போம். மேலே வந்த 12.5 வொட்டும் முழுதாகத் தெறிக்கும். கீழே வரும்போது அதிலும் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும், 3 வொட்டும் கொஞ்சமும். மீட்டர் என்ன காட்டும்? 1.67. அன்டனாவே இல்லை, மீட்டர் "பரவாயில்லை" என்கிறது! நம் பக்கத்து மழையில் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கி, பின்னல் பச்சையாகிப் போன கேபிளில் இழப்பு இன்னும் கூடும், ஊசி இன்னும் அழகாகக் கீழிறங்கும். நிலையம் சீரழியச் சீரழிய மீட்டர் பாராட்டிக்கொண்டே போகும். மழைக்காலம் முடிந்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். குறைந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஏணியை எடுங்கள்.

இரண்டாவது. கால் அலை செங்குத்துக் கம்பியின் கதிர்ப்புத் தடை சுமார் 36 ஓம். நிலம் பூரணமாக இருந்தால் 50 ஓம் கேபிளில் விகிதம் 1.4. உங்கள் வீட்டில் அது சரியாக 1 காட்டுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் மிச்சம் 14 ஓம் நிலத்தின் இழப்பு. கொடுக்கும் வலுவில் 28 சதவீதம் மண்புழுவைச் சூடாக்குகிறது. நிலத்தில் இன்னும் கம்பிகளைப் புதைத்தால் விகிதம் 1.4ஐ நோக்கிக் "கெட்டுப்போகும்", அன்டனா நன்றாக வேலை செய்யும்.

அப்படியென்றால் மீட்டரைக் குப்பையில் போடவா? இல்லை. அதற்குரிய வேலை இருக்கிறது. இன்றைய திரான்சிற்றர் செட்டுகள் தெறிப்பு கூடினால் தாமாகவே வலுவைக் குறைத்துக்கொள்ளும், அதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டும். நேற்று 1.3, இன்று 3 என்றால் மேலே ஏதோ நடந்திருக்கிறது, அதுவும் பெறுமதியான தகவல். மற்றபடி 100 வொட் என்று காட்டுவது உண்மையில் 80 வொட்டாக இருந்தால் வித்தியாசம் ஒரு டெசிபல். மறுமுனையில் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. வொட்டில் 20 சதவீத வழுவை நான் சட்டை செய்வதில்லை. ஹந்தானைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு 145 மெகாஹேர்ட்ஸில் பேச முயன்று, கிடைக்கவில்லை என்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கவலை. அந்த அலை மலையைத் துளைக்காது, விகிதம் ஒன்றாக இருந்தாலும். அவசர காலத்தில் கண்டியிலிருந்து கம்பளைக்கோ பதுளைக்கோ பேச, பகலில் 7 மெகாஹேர்ட்ஸில் 20 மீற்றர் கம்பியை இரண்டு கமுக மரங்களுக்கு இடையில் ஆறேழு மீற்றர் உயரத்தில் கட்டுங்கள். அலை நேரே மேலே போய், அயனமண்டலத்தில் தெறித்து, குடை விரித்ததுபோல் மலைகளுக்கு மேலால் இறங்கும். இரவில் அது சரிவராதபோது 3.5 மெகாஹேர்ட்ஸ், கம்பி இரண்டு மடங்கு. அந்தத் தாழ்ந்த கம்பியின் விகிதம் 1.8 என்று காட்டினாலும் கவலை வேண்டாம். நல்ல கேபிளாக இருந்தால் வேலை நடக்கும்.

2019க்குப் பிறகு நனோ விஎன்ஏ என்ற கையளவு கருவி மலிவாக வந்திருக்கிறது. அது தானே மிகச்சிறிய சமிக்ஞை ஒன்றை அனுப்பி, தடங்கலையும் அவத்தையையும் சேர்த்துக் காட்டும். நல்ல சாமான். ஆனால் திறந்தது, குறுக்குச்சுற்று, 50 ஓம் என்று மூன்று முனைகளை வைத்து முதலில் சரிபார்க்க வேண்டும். அந்த 50 ஓம் முனை 50 ஓமாக இல்லாவிட்டால், திரையில் வரும் இரண்டு தசமதான இலக்கங்களும் அலங்காரம்தான்.

இனி பிள்ளைகளுக்கு நான் சொன்ன விஷயம். உங்கள் மீட்டரின் வொட் கணக்கு உண்மையா என்று பார்க்க வெளிநாட்டு ஆய்வுகூடம் வேண்டாம். பாடசாலை ஆய்வுகூடம் போதும். நாட்டின் அளவை நிறுவனங்கள் உயர்மீடிறன் வலுவுக்கு மூல நியமமாக இன்றும் வைத்திருப்பது கலோரிமானிதான். சூட்டுக்கம்பியும் டோர்ச் குமிழும் செய்ததன் பெரியண்ணன் அது.

அன்டனாவுக்குப் பதிலாகப் போடும் 50 ஓம் தடையியை (டமி லோட் என்பார்கள், அலை வெளியே போகாது) மெல்லிய, நீர் புகாத உறைக்குள் வைத்து, வெப்பக்காவல் செய்த பாத்திரத்தில் 250 கிராம் நீருக்குள் இறக்குங்கள். உரிமம் உள்ள ஒருவர் செட்டை 25 வொட்டில், குரல் இல்லாமல் தொடர்ச்சியான சமிக்ஞையாக, 10 நிமிடம் இயக்கட்டும். 25 வொட், 600 செக்கன், 15,000 யூல். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு 4200. வெப்பநிலை 14.3 பாகை ஏறவேண்டும். பாத்திரத்தின் வெப்பக் கொள்ளளவையும் தடையியினதையும் சேர்க்க மறக்கவேண்டாம், செய்முறைப் பரீட்சையில் அதற்குத்தான் புள்ளி வெட்டுவார்கள். கண்டியின் விடியல் குளிர் இங்கே உதவும்: அறை வெப்பநிலைக்கு 7 பாகை கீழே தொடங்கி 7 பாகை மேலே முடித்தால், முதல் பாதியில் நீர் சுற்றாடலிலிருந்து வாங்கிய வெப்பமும் இரண்டாம் பாதியில் கொடுத்த வெப்பமும் ஏறத்தாழ ஈடாகிவிடும். கலக்கிக்கொண்டே இருங்கள். வாசிப்பை ஒவ்வொரு நிமிடமும் எழுதுங்கள். அலைவுகாட்டி இருக்கும் பாடசாலை என்றால் இன்னொரு வழியாலும் ஒப்பிடலாம்: 50 ஓமில் 25 வொட் என்றால் உச்ச மின்னழுத்தம் சரியாக 50 வோல்ற், உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 100 வோல்ற். முனையில் பத்துக்கு ஒன்று புரோப் போடுங்கள்.

நீர் சொன்ன வொட், திரை சொன்ன வொட், ஊசி சொன்ன வொட் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மீட்டரின் முதுகில் ஒட்டிவிடுங்கள். செய்து பார்ப்பவர்கள் கீழே கமெண்டில் உங்கள் எண்களைப் போடுங்கள், பாத்திரத்தின் திணிவையும் சேர்த்து.